நாற்பத்தெட்டு மடை ஆட்டம்

திருவாடானை வட்டாரத்தை ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்கு அண்ணாந்து பார்க்கும் பூமி இது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். பக்கத்தில் ராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய்க்கு ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊர்ப்பக்கம் ஒரு பட்டமே உண்டு. ஒரே மூச்சில் நாரைகூடப் பறந்து கடக்க முடியாத நீளம், அதில் 48 மடைகள்.

திருவாடானைக் கல்லூரி மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்கு ஒரு வீடியோ கேம் யோசனை வந்திருக்கிறது. ஆடுபவர்தான் நீர்பாய்ச்சி. கண்மாயில் இருக்கும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, கடைமடை வயல் கருகாமல் எப்படிக் காப்பது என்பதுதான் ஆட்டம். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. தேவகோட்டை போகும் பஸ்ஸில் தோழிகளிடம் சொல்கிறாள். “தண்ணி பாய்ச்சுறத எல்லாம் யாருடி வெளையாடுவா? பேசாம ஒரு ரேஸ் கேம் பண்ணு” என்கிறாள் ஒருத்தி. “நல்லாத்தான்டி இருக்கு” என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி போனுக்குத் திரும்பிவிடுகிறாள். அன்று ராத்திரி படுத்தபிறகு இவள் காதில் திரும்பத் திரும்ப ஒலிப்பது முதல் வாக்கியம் மட்டும்தான். காலையில் எழும்போது அது வேறு வாக்கியமாக மாறியிருக்கிறது: “எனக்கு எதுக்கு இந்த வேலை?”

ஒரு யோசனையைப் பற்றிய கேள்வி ஓர் இரவுக்குள் ஒரு மனுஷியைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. கேம் உருவாக்க நினைக்கும் இளைஞர்கள் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான் என்று நான் நம்புகிறேன். கணினி மொழி தெரியாததாலோ, நல்ல லேப்டாப் இல்லாததாலோ நிற்பவர்களைவிட இந்த ஓர் இரவில் நிற்பவர்கள் அதிகம். ஆகவே அந்த இரவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வாளர்கள், 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட அலையைக் கவனித்து வருகிறார்கள். ஒருவர் தவறான பட்டனை அழுத்திய பத்தில் ஒரு விநாடிக்குள், மண்டையின் முன்பக்க நடுப்பகுதியில் அந்த அலை எழுகிறது. தவறு என்று வெளியிலிருந்து யாராவது தெரிவித்தாலும், கால் விநாடியை ஒட்டி அதே பகுதியில் அதே மாதிரி ஓர் அலை. நெற்றிக்குப் பின்னே ஆழத்தில், இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் இடத்தில் உள்ள ‘ஆன்டீரியர் சிங்குலேட்’ பகுதியிலிருந்து இது கிளம்புவதாகக் கருதுகிறார்கள். நாம் யோசித்து வருத்தப்பட ஆரம்பிப்பதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது. அந்த அலை சொல்லும் செய்தி மிகவும் சுருக்கமானது: எதிர்பார்த்ததைவிட மோசம். யோசனை மோசமா, சொன்ன விதம் மோசமா, சொன்ன நேரம் மோசமா, சொன்ன ஆள் மோசமா என்ற விவரம் எதுவும் அதில் கிடையாது. அந்த விவரத்தை நாம்தான் பிறகு இட்டு நிரப்புகிறோம். சுற்றுவட்டாரத்தில் கேம் செய்கிற ஒருவரைக்கூடப் பார்த்திராத பெண், அந்தக் காலி இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

கருத்து சொன்னால் மனிதர்கள் முன்னேறுவார்கள் என்பது பள்ளிக்கூடத்திலிருந்து அலுவலகம் வரை எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 607 ஒப்பீடுகளை, 23,663 பதிவுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்து உதவத்தான் செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், கருத்தைக் கேட்டபிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. திட்டினால் கெடும், பாராட்டினால் வளரும் என்ற எளிய பிரிவினை இதை விளக்கவில்லை. பாராட்டும் பல இடங்களில் வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம் என்றார்கள் அந்த இருவரும். கேட்டவரின் கவனம் வேலையின் மேல் விழுந்தால் பலன் உண்டு. “நான் யார், எனக்குத் தகுதி உண்டா” என்று தன்மேல் விழுந்தால் பலன் குறையும். “நீ புத்திசாலிடி” என்பதும் “உனக்கு இதெல்லாம் வராது” என்பதும் ஒரே பக்கம்தான் திருப்புகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வீடியோ கேம்தான். உலகத்தில் மனிதர்கள் செய்த பொருள்களிலேயே கருத்தை இவ்வளவு நேர்த்தியாகச் சொல்லும் பொருள் வேறு இல்லை. ஒவ்வொரு விநாடியும் கேம் ஆடுபவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. குதித்தது போதவில்லை, திரும்பியது தாமதம், இந்தக் கதவுக்கு இந்தச் சாவி இல்லை. ஒரே இடத்தில் எத்தனை முறை விழுந்தாலும் நல்ல கேமில் ஆடுபவர் எழுந்து மறுபடி ஓடுகிறார், ஏனென்றால் சொல்லப்பட்டது அந்த ஒரு குதிப்பைப் பற்றி மட்டும்.

தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு சான்று இதற்கு உண்டு. டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் குழு, அபி என்ற தமிழரின் தலைமையில் உருவாக்கிய ‘வெண்பா’ என்ற கேம் 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. கதை 1988இல் கனடாவில் தொடங்குகிறது. வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு மகன் கவின். ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது; விடுபட்ட படிகளை நாமே யூகிக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எந்த வாகில் அடுக்கினால் ஆவி எல்லா இடத்துக்கும் போகும் என்பதுதான் புதிர். தப்பாக அடுக்கினால் இட்லி சரியாக வராது. புள்ளி குறையாது, உயிர் போகாது, மறுபடி செய்யலாம். குறிப்பு கிழிந்திருக்கிறது, நீ முட்டாள் இல்லை என்று கேம் சொல்லாமல் சொல்கிறது.

இப்போது தேவகோட்டை பஸ்ஸுக்கு வாருங்கள். ‘கனடாவில் ஒரு தமிழ் அம்மா இட்லி அவிக்கிறாள், அதுதான் கேம்’ என்று அந்தப் பஸ்ஸில் யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடக்கூடிய அந்தச் சிறிய கேம், 2024 மார்ச்சில் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைப்பரிசையும், அடுத்த மாதம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுகப் படைப்புக்குத் தரும் விருதையும் பெற்றது.

தோழிகள்மேல் கோபப்பட வேண்டியதில்லை. புதிய யோசனையைக் காதால் கேட்டு மதிப்பிடுவது மனித மூளைக்குச் சுலபமான வேலை இல்லை. ஜெனிஃபர் மியூல்லரும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரின் மனத்தில் முதலில் ஒரு நிச்சயமின்மையை விதைத்தார்கள். பிறகு அவர்களின் மனச்சாய்வை மறைமுகமாக அளந்தார்கள். புதுமை எங்களுக்குப் பிடிக்கும் என்று வாயால் சொன்னவர்களே, உள்ளுக்குள் புதுமையை விஷம், வாந்தி போன்ற சொற்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதே ஆட்களிடம் காலின் சூட்டுக்கு ஏற்பத் துணியின் தடிமனை மாற்றிக்கொள்ளும் ஓட்டக் காலணி ஒன்றின் யோசனையைக் கொடுத்தால், மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத யோசனையின் முன்னால், தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் மனம் ஓடுகிறது. ரேஸ் கேம் தெரிந்த ஒன்று.

யாரிடம் சொல்கிறோம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. ஜஸ்டின் பெர்க் 2016இல் சர்க்கஸ் கலைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், புதுமையான ஒரு நிகழ்ச்சி மக்களிடம் எடுபடுமா என்பதை நிர்வாகிகளைவிடச் சக கலைஞர்கள் சரியாகக் கணித்தார்கள். ஆனால் தன் சொந்தப் படைப்பைக் கணிப்பதில் கலைஞருக்கு அந்தத் திறமை கைகொடுக்கவில்லை. திருவாடானையில் இருக்கும் பெண்ணுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை யோசனை ஒன்றுதான்: தானும் ஏதாவது செய்துபார்க்கிற ஒருத்தரைத் தேடிப் பிடி. கேமாக இருக்க வேண்டும் என்றில்லை. குறும்படம் எடுப்பவர், கதை எழுதுபவர், கோலத்தில் புதுப்புள்ளி போட்டுப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் சரி.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று அவளிடமே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி 1990இல் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள் தட்டியவர்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுபவரின் தலைக்குள் மெட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவர் காதில் வெறும் டக் டக் மட்டும்தான் விழுகிறது. பஸ்ஸில் அவள் சொன்னபோது அவள் கண்ணுக்குள் கண்மாய் தளும்பியது, மடை திறந்ததும் வாய்க்காலில் நுரைத்து ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்டது, கடைமடையில் காத்து நிற்கும் ஆள் தெரிந்தார். தோழிக்குக் கிடைத்ததோ ‘தண்ணீர் பாய்ச்சுவது’ என்ற இரண்டு சொற்கள். அவள் தீர்ப்புச் சொன்னது அந்த இரண்டு சொற்களுக்கு. கேமை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

யோசனையை வாயால் சொல்லிக் கருத்துக் கேட்பதை நிறுத்திவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். சொல்ல வேண்டாம், ஆடவிட வேண்டும். அதற்குக் கணினி வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பழைய கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் ஆடுபுலியாட்டக் கட்டங்களைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு பக்கம் பலம், மறுபக்கம் எண்ணிக்கை. இப்படி இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும் ஆட்டத்தைச் சமன்படுத்துவது இன்றைய கேம் டிசைனர்களுக்கும் தலைவலியான வேலை. ஊருக்கு ஊர் ஆடுகளின் எண்ணிக்கையில் மாற்றம் உண்டு. ஆடிப் பார்த்து, ஒரு பக்கமே ஜெயிக்கிறது என்று கண்டு, ஒன்றைக் கூட்டிக் குறைத்து வந்த கைகளின் தடம் அது. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும்தான் அவர்களின் கருவி. இன்றைக்கும் பெரிய நிறுவனங்களின் டிசைனர்கள் ஒரு வரி நிரல் எழுதும் முன்பு காகிதத்திலும் காய்களிலும் ஆட்டத்தைச் செய்து பார்க்கிறார்கள்.

ஆகவே நம் மாணவி திண்ணையில் சுண்ணக்கட்டியால் ஒரு கண்மாய் வரைகிறாள். 48 மடைக்கு இடம் இல்லை, ஆறு போதும். கண்மாய்க்குள் ஒரு குவியல் புளியங்கொட்டை. அதுதான் தண்ணீர். ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை கொட்டை சேர்ந்தால் விளைச்சல். தாயக்கட்டை உருட்டினால் மழை. இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிகவும் கஷ்டமான பகுதி இதுதான். ஆடுபவர் தப்பாகக் காயை வைக்கும்போது “அப்படி இல்ல, இப்படி” என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லிவிட்டால் அந்தத் தகவல் போயிற்று. நாளை ஆயிரம் பேர் அந்தக் கேமை ஆடும்போது அவள் எல்லார் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்க முடியாது. அவள் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். கை எங்கே தயங்கியது, எங்கே சட்டென்று நகர்ந்தது, எப்போது கண் வேறு பக்கம் போனது, எப்போது அவர்களை அறியாமல் குரல் உயர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

எத்தனை பேரை ஆடவிடுவது? மென்பொருள்களைச் சோதிக்கும் துறையில் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993இல் இதற்கு ஒரு கணக்குத் தந்தார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு பயனரைக் கவனித்தாலே மொத்தச் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் தெரிந்துவிட்டது. இரண்டாவது ஆள் பழைய சிக்கல்களில் சிலவற்றிலேயே மறுபடி மாட்டுவார் என்பதால் புதிதாகத் தெரிவது குறையும். இப்படியே கூட்டிப் போனால் மூன்று பேரில் மூன்றில் இரண்டு பங்கும், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதமும் வெளியே வந்துவிடும். சிக்கல் எங்கே என்று தேடுவதற்கு மட்டும் பொருந்தும் கணக்கு இது; உலகத்துக்குப் பிடிக்குமா என்பதை ஐந்து பேர் சொல்லிவிட முடியாது. என்றாலும் ஐந்து பேர் என்பது திருவாடானையில் ஒரு தெருவிலேயே கிடைக்கும் எண்ணிக்கை. ஐந்து பேர் ஆடியதும் திருத்திவிட்டு, அடுத்த ஐந்து பேரைக் கூப்பிடலாம்.

ஆடி முடித்தபிறகு அவர்கள் பேசுவார்கள். அப்போது கேட்க வேண்டும், ஆனால் பிரித்துக் கேட்க வேண்டும். பஸ்ஸில் ரேஸ் கேம் பண்ணச் சொன்ன அதே தோழி ஆடிவிட்டு, “நடுவுல சப்புன்னு இருக்கு, டைமர் வச்சு வெரட்டு” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு செய்திகள் உள்ளன. நடுவில் சலிக்கிறது என்பது அவள் அனுபவம். அதை மறுக்க யாராலும் முடியாது. டைமர் என்பது அவள் தரும் தீர்வு. அதை ஏற்க வேண்டிய கடமை இல்லை. எங்கே இடறுகிறது என்பதில் ஆடியவர் சொல்வது அநேகமாக எப்போதும் சரி. எப்படிச் சரிசெய்வது என்பதில் அவர் சொல்வது அவ்வளவு நம்பத்தக்கதில்லை, ஏனென்றால் அவர் அறிந்த வேறு கேம்களிலிருந்து எடுத்துத் தருகிறார். கடைமடை ஆள் காத்திருக்கும் ஆட்டத்தில் டைமரை வைத்தால் காத்திருப்பு போய்விடும், அதோடு ஆட்டத்தின் உயிரும் போய்விடும்.

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வரலாம். வீட்டு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். “ஏத்தா, இதுல ராத்திரியே வரலையே? மேமடைக்காரன் ராத்திரிக்கு வந்து மடையத் தொறந்துக்குவானே, காவலுக்கு ஆள் போடலையா?” என்கிறாள். நடுவில் சப்பென்று இருந்த இடத்தில் இப்போது ஓர் இரவு வந்துவிட்டது. முறைத்தண்ணீரைக் காக்க ஆள் போட வேண்டும், போட்டால் பகல் வேலைக்கு ஆள் குறையும். கேம் என்ற சொல்லையே அறியாத ஒருத்தி, அந்தக் கேமுக்கு வேண்டிய மிக நல்ல கருத்தைச் சொல்லிவிட்டாள். அவள் பேசியது மடையைப் பற்றி, பேத்தியைப் பற்றி இல்லை. க்ளூகரும் டெனிசியும் கண்ட வித்தியாசம் அதுதான்.

நிராகரிப்பைப் பற்றி ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு, இந்தியப் புராணங்களிலிருந்து எழுந்த ‘ராஜி’ என்ற கேமுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி கேட்டது. இலக்குத் தொகை சேரவில்லை. அவர்கள் விடவில்லை. 2020இல் கேம் வெளிவந்து, அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. இதைக் கேட்டவுடன், உலகம் மறுத்தால் நம் யோசனை உயர்ந்தது என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. மறுக்கப்பட்டு ஜெயித்தவர்களின் கதைதான் நம் காதுக்கு வருகிறது. மறுக்கப்பட்டு, பிடிவாதமாக உழைத்து, அப்படியே மறைந்த கேம்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. ராஜியின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இவ்வளவுதான்: ஒரு சில வாரங்களில், முழுக் கேமை ஆடிப் பார்க்காத கூட்டம் தரும் முடிவு அந்தக் கேமின் தரத்தைப் பற்றிய கடைசி வார்த்தை ஆகாது. கடைசி வார்த்தைக்கு ஆடிய கைகளைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கைகள் ஐந்தைந்தாகப் பல சுற்று சோர்ந்து விழுந்தால், அந்த யோசனையை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது வருமா என்ற பயமும் ஒரு சுய சந்தேகம்தான். “இருந்த ஒரே யோசனையும் போச்சு, இனிமே எங்க வரும்” என்று மனம் சொல்லும். பிரையன் லூகஸ், லோரன் நார்ட்கிரென் இருவரும் 2015இல் இதைச் சோதித்தார்கள். சிறிது நேரம் யோசனைகளை எழுதவைத்து நிறுத்திவிட்டு, இன்னும் அதே நேரம் கொடுத்தால் எத்தனை வரும் என்று கேட்டார்கள். ஊற்று வற்றிவிட்டது போலத் தோன்றுவதால் சராசரியாகக் குறைவாகவே சொன்னார்கள். வந்தவை அவர்கள் சொன்னதைவிட அதிகம். 2020இல் அவர்கள் செய்த அடுத்த ஆய்வில், நேரம் ஆக ஆக யோசனைகளின் புதுமை குறைந்துவிடும் என்றுதான் மக்கள் நம்பினார்கள். உண்மையில் புதுமை அப்படியே நின்றது, சில சமயம் கூடவும் செய்தது. திணறல் கூடுவதை, சரக்குத் தீர்ந்ததாக மனம் தப்பாக எடுத்துக்கொள்கிறது.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளை “நான் ஒரு கேம் யோசிச்சிருக்கேன்” என்று வந்து நின்றால், நல்லா இருக்கு என்றும் சொல்லாதீர்கள், இதெல்லாம் சோறு போடுமா என்றும் கேட்காதீர்கள். “கொண்டா, ஆடிப் பார்ப்போம்” என்று தரையில் உட்காருங்கள். தப்பாக ஆடுங்கள், வெட்கப்படாமல் தயங்குங்கள், எங்கே புரியவில்லை என்பதை முடிந்தபிறகு சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். அந்தப் பிள்ளைக்குத் தேவையான முதல் தகவல் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கைகளிலிருந்து கிடைத்துவிடும்.